'எங்க வீட்டுல சாப்பிட மாட்டோம்' என்பது ஏன் போதவில்லை?

இங்கிலாந்தின் லீட்ஸுக்கு வந்து ஆறு வாரம் ஆன தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "என்னோடு வீட்டைப் பகிர்ந்திருக்கும் ஆங்கிலேயப் பெண் வீகன், பால், முட்டைகூடத் தொடமாட்டாள். நான் சைவம் என்றதும் ஏன் என்று கேட்டாள். எங்கள் வீட்டில் சாப்பிட மாட்டோம் என்றேன். 'சரி, நீ ஏன் சாப்பிடுவதில்லை?' என்றாள். பதில் வரவில்லை. சாதி, சாமி எதுவும் இல்லாமல் இந்த ஊர்க்காரர்கள் கறியை ஏன் விடுகிறார்கள், அக்கா?"

தம்பி, 2003-ல் நான் இங்கே நர்ஸாக வந்தபோது என்னிடமும் இதையே கேட்டார்கள். கேட்டவர் வட இங்கிலாந்தில் கம்ப்ரியா பக்கத்துப் பெண். நானும் "வீட்டுப் பழக்கம்" என்றேன். அவர் தன் கதையைச் சொன்னார். 2001-ல் கோமாரி பரவியபோது இந்த நாட்டில் அறுபது லட்சத்துக்கும் மேலான ஆடு, மாடு, பன்றிகளைக் கொன்றார்கள். பக்கத்துப் பண்ணையில் நோய் வந்தது என்பதற்காகவே நோயில்லாத மந்தைகளையும் கொன்றார்கள். அவர் ஊர் வயல்களில் உடல்களைக் குவித்து எரித்த புகையைப் பார்த்த பிறகு தட்டில் கறி இறங்கவில்லையாம்.

நான் முதலில் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மாவின் காரணம் வேறு. மாடுகளின் மூளையைத் தாக்கும் மேட் கவ் நோய் மாட்டிறைச்சி வழியாக மனிதருக்கும் தொற்றியிருக்கக்கூடும் என்று 1996 மார்ச்சில் அரசாங்கம் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அதுவரை பிள்ளைகளுக்கு பர்கர் பொரித்துக் கொடுத்தவர் அன்றோடு நிறுத்தினார். முதலில் மாடு, பிறகு எல்லாமே. இப்போதைய பிள்ளைகள் பூமி சூடாவதைச் சொல்கிறார்கள். மாடு அசைபோடும்போது வெளிவரும் மீத்தேனைப் பற்றி என் மகளே எனக்குப் பாடம் எடுக்கிறாள்.

சாமி இல்லாமல் என்று எழுதியிருக்கிறீர்கள், அது முழுக்கச் சரியில்லை. மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் 1809-லேயே ஒரு கிறிஸ்தவச் சபை தன் மக்களைப் புலால் விடச் சொன்னது. அந்தச் சபையினரும் சேர்ந்துதான் 1847-ல் ராம்ஸ்கேட்டில் சைவ உணவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1888-ல் லண்டன் வந்த காந்தி அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காகப் பட்டினி கிடந்து அலைந்து, கடைசியில் ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ ஓட்டலைக் கண்டுபிடித்தார். அங்கே வாங்கிய ஆங்கில எழுத்தாளர் ஹென்றி சால்ட் சைவ உணவுக்காக எழுதிய சிறு நூலைப் படித்த பிறகுதான் தானே விரும்பிச் சைவம் ஆனதாக எழுதியிருக்கிறார். அதுவரை அவரிடமும் வீட்டுப் பதில்தான் இருந்தது.

என் காரணம் எனக்குப் பிடிபட இங்கே ஏழெட்டு வருஷம் ஆனது. உங்கள் தோழி மாதிரி ஒருத்திதான் பாலைப் பற்றிச் சொன்னாள்: கன்று போட்டால்தான் மாடு கறக்கும், கன்றை ஓரிரு நாளில் பிரித்துவிடுவார்கள், காளைக்கன்றால் பால் பண்ணைக்கு லாபமில்லை. அவள் சொல்லச் சொல்ல, திருநெல்வேலியில் எங்கள் ஆச்சி வீட்டுத் தொழுவம் நினைவுக்கு வந்தது. காளைக்கன்றை விற்ற அன்று இரவு முழுக்கத் தாய்ப்பசு கத்தியது. அந்தக் கன்று எங்கே போனது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. காலையில் காபி குடித்தோம். இப்போது காபிக்கு ஓட்ஸ் பால்தான். தயிரை இன்னும் விட முடியவில்லை, அதற்கு என்னிடம் நியாயமும் இல்லை.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 'சுத்த சைவம்' என்ற சொல்லை ஊரிலேயே விட்டுவிடுங்கள். ஊரில் வாடகை வீடு கேட்டுப் போனவர்களை அந்தச் சொல்லை வைத்து வாசலிலேயே திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். நாம் சுத்தம் என்றால் எதிரில் இருப்பவர் யார்? ஒரே அடுப்பில் உங்களுக்குப் பிறகு கோழி சமைக்கப்போகும் நைஜீரியப் பையனும் படிக்க வந்த பிள்ளைதான். உங்களுக்குத் தனிச் சட்டி வாங்கிக்கொள்ளுங்கள், போதும்.

இங்கே வெஜிடேரியன் என்றால் முட்டையும் சேர்ந்தது. கறிக்குப் பதிலாக விற்கும் குவார்ன் பாக்கெட்டுகள் பலவற்றில் முட்டை வெள்ளைக்கரு உண்டு. பார்மஜான் சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த, பாலைத் திரிய வைக்கும் ரென்னெட் இருக்கும். ஜெல்லி மிட்டாயில் பெரும்பாலும் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டின். யார்க்‌ஷர் சிப்ஸ் கடைகளில் பல இன்னும் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கின்றன, கேட்காமல் வாங்காதீர்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை வைட்டமின் டி மாத்திரை போடுங்கள். இந்த வெயில் போதாது.

அந்தப் பெண்ணுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்றால் அவசரமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இட்லியும் சாம்பாரும் செய்து, நெய்யில்லாமல் நல்லெண்ணெயில் தாளித்து, அவளை உட்கார வைத்துப் பரிமாறுங்கள். நம் வீட்டுச் சாப்பாட்டில் பாதி அவள் கணக்கிலும் சரிதான் என்பது அவளுக்குத் தெரிந்திருக்காது.