பிராய்டின் உளப்பகுப்பாய்வை இன்றைக்கும் யாராவது சிகிச்சைக்குப் பயன்படுத்துகிறார்களா, இல்லை பாடப்புத்தகத்தோடு சரியா?

பயன்படுத்துகிறார்கள். மனதில் புதைந்து கிடப்பதைப் பேச வைத்து வெளியே கொண்டுவர, வியன்னா மருத்துவர் சிக்மண்ட் பிராய்ட் உருவாக்கிய முறை அது. நான் கோலாலம்பூரில் பதிவு பெற்ற மனநல ஆலோசகர்; என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் தமிழர்கள். உளப்பகுப்பாய்வு என்றதும் பலருக்கு நினைவுக்கு வரும் சாய்வுக் கட்டில், கனவுக்கு விளக்கம், அம்மா மேல் ஆசை, இதெல்லாம் எங்கள் அறையில் அநேகமாகக் கிடையாது. மிஞ்சி நிற்பது வேறொன்று. அதுவும் பிராய்ட் ஒரு நோயாளியிடம் கோட்டை விட்டதால் கிடைத்தது.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1885இல் பிராய்ட் பாரிஸ் போய், ஹிஸ்டீரியா நோயாளிகளை (உடலில் காரணம் தெரியாமல் வலிப்பு, முடக்கம் என்று வருகிறவர்கள்) ஹிப்னாடிஸத்துக்கு உட்படுத்திய நரம்பியல் மருத்துவர் ஷார்க்கோவிடம் சில மாதம் படித்தார். வியன்னாவில் அவருடைய மூத்த நண்பரான மருத்துவர் புரோயர், 1880 முதல் 1882 வரை ஒரு இளம்பெண்ணுக்குப் பேச வைத்தே வைத்தியம் பார்த்திருந்தார். ‘அன்னா ஓ’ என்று நூல்களில் வருகிறவர் இவர்தான். பிராய்டும் புரோயரும் சேர்ந்து 1895இல் புத்தகம் போட்டார்கள். அதைப் படித்தால் அந்தப் பெண் குணமானதுபோல் இருக்கும். உண்மையில் அதன் பிறகும் அவர் மருத்துவமனையில் இருக்க வேண்டியிருந்தது. பிராய்ட் ஹிப்னாடிஸத்தைக் கைவிட்டு, மனதில் பட்டதையெல்லாம், அசிங்கமானாலும் சம்பந்தமில்லாததானாலும், அப்படியே சொல்லச் சொன்னார். நோயாளியைப் படுக்க வைத்து, அவருக்குப் பின்னால் பிராய்ட் உட்கார்ந்ததற்கு அவரே சொன்ன ஒரு காரணம்: ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஆட்கள் தன்னை முறைத்துப் பார்ப்பதைத் தாங்க முடியவில்லையாம். எனக்கு அவரைப் பிடித்துப்போன இடம் இது.

இப்போது அந்தக் கேஸ். 1900 அக்டோபரில் டோரா என்ற, 18 வயதை எட்டவிருந்த பெண்ணை அவளுடைய அப்பா பிராய்டிடம் அழைத்து வருகிறார். அப்பாவுக்குக் குடும்ப நண்பரின் மனைவியோடு தொடர்பு. அந்த நண்பரோ டோராவிடமே தவறாக நடந்துகொண்டிருக்கிறார். அவள் அதைச் சொன்னபோது வீட்டில் யாரும் நம்பவில்லை. பிராய்ட் நம்பினார். ஆனால் உள்ளுக்குள் உனக்கும் அவர் மேல் விருப்பம்தான் என்று திரும்பத் திரும்ப விளக்கினார். பதினொரு வாரம் பொறுத்துவிட்டு, டிசம்பர் 31 அன்று, இன்றோடு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள் டோரா. எப்போது முடிவு செய்தாய் என்று கேட்டார். பதினைந்து நாளுக்கு முன்பு என்றாள். வேலைக்காரப் பெண் நோட்டீஸ் கொடுத்துவிட்டு நிற்கிற மாதிரி இருக்கிறதே என்றார் பிராய்ட்.

1905இல் இதை வெளியிட்டபோது பின்னுரையில், அந்த நண்பர் மேல் இருந்த கோபத்தையும் பழிவாங்கும் எண்ணத்தையும் டோரா என் மேல் திருப்பியதைச் சமயத்தில் கவனிக்காமல் விட்டேன் என்று ஒப்புக்கொண்டார். பழைய உறவின் உணர்ச்சி எதிரே இருக்கிற வைத்தியர் மேல் வந்து ஏறுவதைத்தான் டிரான்ஸ்ஃபரன்ஸ் என்கிறோம். டோரா விஷயத்தில் பிராய்ட் நடந்துகொண்டது சரியில்லை என்பதே என் கருத்து. அவள் கோபம் நியாயமானது. இருந்தாலும் அந்தப் பின்னுரை இல்லாமல் என் வேலை இல்லை.

ஒரு உதாரணம், ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். நாற்பதைத் தாண்டிய ஒருவர், பெரிய அலுவலகத்தில் நல்ல பதவி. முதல் நாளிலிருந்தே என்னை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார். நான் கேட்காமலே வாரம் முழுக்க நடந்ததை நோட்டில் எழுதிக்கொண்டு வந்து நீட்டுவார். அடுத்த வாரம் எனக்கு விடுமுறை என்று சொன்ன அன்று முகம் வாடிவிட்டது. “நான் ஏதும் தப்பா சொல்லிட்டேனா டீச்சர்?” என்றார். “இப்படி யார்கிட்ட கேட்டுப் பழக்கம் உங்களுக்கு?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பெரியக்காவைப் பற்றிச் சொன்னார். ரப்பர் எஸ்டேட்டில் அப்பாவும் அம்மாவும் விடியுமுன்னே பால்மரம் சீவப் போய்விடுவார்கள். அக்காதான் நோட்டைப் பார்ப்பாள், தப்பு இருந்தால் அன்று முழுக்கப் பேச மாட்டாள். மேலதிகாரியிடமும் மனைவியிடமும் அவர் ஏன் எப்போதும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார் என்பது அங்கிருந்துதான் பிடிபட்டது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அவர் நோட்டை நீட்டும்போதெல்லாம் சிவப்புப் பேனா எடுத்துத் திருத்தலாமா என்று எனக்கே கை பரபரக்கும். வைத்தியருக்குள் எழும் இந்த உணர்ச்சியை பிராய்ட் இடைஞ்சலாகத்தான் பார்த்தார். 1950இல் லண்டனில் பாவ்லா ஹைமன் என்ற உளப்பகுப்பாய்வாளர் அதைத் தலைகீழாக்கி, நோயாளியைப் புரிந்துகொள்ள அதுவே நல்ல கருவி என்று எழுதினார். நோட்டை வாங்காமல் இருந்ததற்கு எனக்குத் துணை அந்தக் கட்டுரை.

“வெள்ளைக்காரன் சரக்கு நம்மாட்களுக்கு ஒத்துவருமா?” என்றும் சிலர் கேட்பார்கள். 1922இலேயே மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார். இந்திய நோயாளிகளிடம் தான் காண்பது ஐரோப்பியர்களிடம் காண்பதுபோல் இல்லை என்று பிராய்டுக்கே கடிதம் எழுதியவர் அவர்.

மற்றபடி உளப்பகுப்பாய்வு நிறைய அடி வாங்கியிருக்கிறது. அமெரிக்காவில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்றவர். மனச்சோர்வு என்பது உள்நோக்கித் திரும்பிய கோபம் என்ற பிராய்டின் கருத்தை நிரூபிக்கத்தான் நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார். கிடைத்ததோ தோல்வியும் இழப்பும். அதிலிருந்து 1960களில் அவர் உருவாக்கியதுதான், எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிபிடி சிகிச்சையின் அடித்தளம். பீதித் தாக்குதல், பரீட்சை பயம், குறிப்பிட்ட ஒன்றைக் கண்டு நடுக்கம் என்று வந்தால் நானும் முதலில் சிபிடியைத்தான் எடுப்பேன். ஒரே மாதிரிச் சண்டை, ஒரே மாதிரித் துணை, எந்த வேலைக்குப் போனாலும் ஒரே மாதிரிக் கசப்பு என்று வாழ்க்கை சுற்றிச் சுற்றி வந்தால் அப்போதுதான் உளப்பகுப்பாய்வு வழி.

கோலாலம்பூரில் தேடுகிறீர்கள் என்றால், வாரம் நான்கைந்து நாள் படுக்க வைத்துச் செய்யும் முழு உளப்பகுப்பாய்வை எதிர்பார்க்காதீர்கள். வாரம் ஒருமுறை, ஐம்பது நிமிடம், எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதுதான் நடைமுறை. ஆலோசகர் என்றால் மலேசியாவின் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவும் தொழில் அனுமதிச் சான்றும் இருக்க வேண்டும், கூச்சப்படாமல் கேளுங்கள். தமிழில் பேச வருமா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். அக்காவைப் பற்றி மலாயிலோ ஆங்கிலத்திலோ அந்த மனிதர் அவ்வளவு சொல்லியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.