திருநீறு வாங்கத் திரும்பாத கை

கேள்வி: எனக்கு 58 வயது. வாசல் தெளித்த தண்ணீரில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. 6 வாரம் மாவுக்கட்டு. பிரித்து 2 வாரம் ஆகிறது. எலும்பு கூடிவிட்டது என்கிறார்கள். ஆனால் கை வீங்கியே இருக்கிறது, விரல்கள் மடங்கவில்லை. சோறு பிசைய முடியாமல் இடது கையில் ஸ்பூன் வைத்துச் சாப்பிடுகிறேன். கோயிலில் திருநீறு வாங்கக்கூட உள்ளங்கை மேலே திரும்ப மாட்டேன் என்கிறது. பிசியோதெரபிக்கு அடிக்கடி பஸ் ஏறிப் போக முடியவில்லை. எண்ணெய் போட்டு உருவிவிட்டால் சரியாகிவிடும் என்று எங்கள் தெருவில் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: உருவ வேண்டாம் அம்மா. கட்டுக்குள் கிடந்த தோல் வறண்டு உரியும். அதற்குத் தேங்காய் எண்ணெயைத் தொட்டு மெதுவாகத் தடவிக்கொள்ளுங்கள், தப்பில்லை. அழுத்தி உருவுவது, இழுத்துச் சொடுக்கு எடுப்பது, அடுத்தவர் பிடித்து மடக்குவது, இவைதான் கூடாது. 8 வாரத்தில் எலும்பு கூடியிருக்கும், பழைய பலம் வந்திருக்காது. வெளியாள் பலவந்தமாக மடக்கினால் வீக்கமும் வலியும் கூடி, இருக்கிற அசைவும் போய்விடும்.

கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டு முறிவதை 1814-லேயே அயர்லாந்து மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் எழுதிவைத்துவிட்டார். எக்ஸ்ரே வந்ததே 1895-ல்தான். உங்கள் சீட்டில் 'காலிஸ்' என்று ஏதாவது எழுதியிருந்தால் பயப்படாதீர்கள், அது அவர் பெயர்.

இப்போது உங்களைப் படுத்துவது முறிவு அல்ல, இறுக்கம். 6 வாரம் அசையாத மூட்டின் உறை சுருங்கிவிடும், வீக்கத்தில் தேங்கிய நீர் நரம்புநாண்களை, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நார்களை, பசைபோல் ஒட்டவைக்கும். கட்டு இருந்தது மணிக்கட்டுக்கு. விரல்களுக்கு யாரும் கட்டுப் போடவில்லை, முதல் நாளிலிருந்தே மடக்கி நீட்டியிருக்க வேண்டும். இதை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம். கட்டுப் பிரித்த பிறகும் கையைப் புடவைத் தலைப்பில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு வருகிறவர்களைத்தான் தினமும் பார்க்கிறேன். அந்தத் தலைப்பை இன்றே அவிழ்த்துவிடுங்கள். உட்காரும்போது கை தலையணை மேல், நெஞ்சுக்குச் சற்று உயரத்தில் இருக்கட்டும். மணிக்கு ஒருமுறை கையைத் தலைக்கு மேல் தூக்கி, விரல்களைப் பத்து தடவை மூடித் திறங்கள். வீக்கம் வடியும், தோளும் இறுகாது.

காலையும் மாலையும் வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் கையை வையுங்கள். சூட்டை இடது கையால் பார்த்துவிட்டு வையுங்கள். கல் உப்பு போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, வேலை செய்வது சூடுதான். தண்ணீருக்குள்ளேயே முதலில் விரல்நுனிக் கணுக்களை மட்டும் கொக்கிபோல் மடக்குங்கள், பிறகு முழு முஷ்டி. முன்னேற்றத்தை அளக்க ஒரு வழி: முஷ்டி மூடும்போது நடுவிரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இடது கை விரல் எத்தனை நுழைகிறது என்று பாருங்கள். இன்று மூன்று நுழைந்தால், அடுத்த வாரம் இரண்டாக வேண்டும்.

இனி அந்தத் திருநீறு. உள்ளங்கை மேலே திரும்புவது மணிக்கட்டின் வேலை மட்டுமல்ல, முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றின்மேல் ஒன்று சுழல வேண்டும். முறிவுக்குப் பிறகு திரும்ப வர அடம்பிடிக்கும் அசைவு இதுதான். பலர் உடம்பையே ஒரு பக்கம் சாய்த்து, திரும்பிவிட்டதுபோல் காட்டி வாங்கிக்கொள்வார்கள். நீங்கள் அப்படி ஏமாற்றாதீர்கள். முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்து, காம்பில் துணி சுற்றிய சின்னக் கரண்டியைப் பிடித்து, மெதுவாக ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் திருப்புங்கள். கரண்டியின் எடையே கொஞ்சம் இழுத்துக்கொடுக்கும். கடைசியில் 10 எண்ணும் வரை நிறுத்துங்கள். ஒரு நேரத்துக்குப் பத்து தடவை, நாளுக்கு நாலைந்து நேரம். அது முடிந்ததும் நெஞ்சுக்கு நேரே கும்பிட்டு, கைகளைப் பிரிக்காமல் முழங்கைகளை அகற்றி உயர்த்துங்கள். மணிக்கட்டுக்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் சொல்லித்தர முடியாது.

செய்யும்போது இழுத்து வலிக்கும். அரை மணியில் அடங்கினால் சரியான அளவு. மறுநாளும் வலித்து, வீங்கினால் பாதியாகக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம்.

ஸ்பூனையும் ஒதுக்கிவையுங்கள். முதலில் இட்லி பிட்டுச் சாப்பிடுங்கள், பிறகு குழைந்த தயிர்சாதம், சப்பாத்தி கடைசியில். பூக் கட்டத் தெரிந்தால் தினமும் ஒரு முழம் கட்டுங்கள். குடம் தூக்குவது, துணி பிழிவது, தரையில் கையூன்றி எழுவது மட்டும் முறிவிலிருந்து 12 வாரம் முடியட்டும்.

பிசியோதெரபிக்கு வாரத்துக்கு ஒருமுறை போய், செய்வது சரிதானா என்று காட்டிவந்தால் போதும். மிச்ச வேலை வீட்டில்தான். அதுவும் சிரமமென்றால், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபி உண்டு. உங்களுக்குக் கிடைக்குமா என்று பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இந்த மூன்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்: துணி பட்டாலே தாங்காத எரிச்சலோடு தோல் மினுமினுத்து நிறம் மாறுவது, கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போவது, நன்றாக இருந்த கட்டைவிரல் திடீரென்று தூக்க முடியாமல் தொங்குவது. கடைசியாகச் சொன்னது நரம்புநாண் அறுந்ததாக இருக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று. மாடியிலிருந்து விழவில்லை, நின்ற உயரத்திலிருந்துதான் விழுந்தீர்கள். அதற்கே எலும்பு முறிகிறதென்றால், மாதவிடாய் நின்ற வயதில் எலும்பு மெலிந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் வைட்டமின் டி அளவும் கேட்டு வாங்குங்கள். கேழ்வரகும், மீன் சாப்பிடுவீர்களென்றால் முள்ளோடு மெல்லும் நெத்திலியும் நல்லவை. ரத்த அழுத்தம் இருந்தால் கருவாடு வேண்டாம், பச்சை நெத்திலி வாங்குங்கள்.

பிடி பலம் முழுசாக வர ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். ஆனால் இன்னும் ஆறு வாரம் இப்படிச் செய்தும் திருநீறு வாங்கும் கை பாதிகூடத் திரும்பவில்லை என்றால், எலும்பு எந்தக் கோணத்தில் கூடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கட்டுப் போடுமுன் எடுத்த எக்ஸ்ரே, பிரித்தபின் எடுத்தது இரண்டையும் எலும்பு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.