பூனை சமத்தில் விழ வேண்டும்

குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடர்களுக்கு இசையமைப்பது என் தொழில். பத்தொன்பது ஆண்டுகளாக இதில்தான் சோறு. வளர்ந்தது மாட்டுங்கா, குடியிருப்பது செம்பூர், வேலை பார்ப்பது கோரேகாவில் எட்டுக்குப் பத்து அறை ஒன்றில். மும்பைத் தமிழ் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன். “எவ்வளவு கிடைக்கும்?” என்று மட்டும் பதினோரு பேர் கேட்டிருக்கிறார்கள். அதற்கும் வருவேன். முதலில் வேலையைப் பற்றிப் பேசுவோம்.

கல்லூரி மாணவர், முலுண்ட்: அக்கா, படம் முடிந்த பிறகு உங்களிடம் வருமா, இல்லை இசை முடிந்த பிறகு படம் வரைவார்களா?

இரண்டும் உண்டு. பாட்டு என்றால் பாட்டுதான் முதலில். அதைக் கேட்டுக்கொண்டே வாயசைவையும் ஆட்டத்தையும் வரைவார்கள். பின்னணி இசை கடைசியில். இடையில் அனிமேட்டிக் என்று ஒன்று வரும். பென்சில் படங்களை வரிசையாக ஓடவிட்டு, பதிவு செய்த குரல்களைச் சேர்த்த கச்சா வடிவம் அது. நான் அதிலேயே மெட்டு யோசிக்கத் தொடங்கிவிடுவேன். முழுப் படத்துக்குக் காத்திருந்தால் கதை முடிந்தது. படம் சொன்ன நாளில் வராது, ஒளிபரப்பு நாளோ நகராது. முன்னால் இருப்பவர்களின் தாமதம் எல்லாம் வரிசையின் கடைசியில் நிற்கும் இசையமைப்பாளர் தலையிலும் மிக்ஸிங் பொறியாளர் தலையிலும்தான் இறங்கும்.

கீபோர்டு வாசிப்பவர், டோம்பிவிலி: எலி ஓடுகிறது, பூனை துரத்தி வழுக்கி விழுகிறது. இசை எப்படி அந்த நொடியில் பிசகாமல் வந்து விழுகிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இது முழுக்கக் கணக்கு. நம் தொலைக்காட்சிக்கு விநாடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனிப்படம். தட்டு எண்ணும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 125-இல் வைத்தால் ஒரு தட்டுக்குச் சரியாக 12 ஃபிரேம் வரும். விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படமென்றால் அதே பன்னிரண்டுக்கு 120 வைக்க வேண்டும். இனி பூனையிடம் வருவோம். துரத்தல் தொடங்கி 6 விநாடி 18 ஃபிரேமில் அது வாளிக்குள் விழுகிறது. ஆறு விநாடிக்கு 150, மேலே 18, ஆக 168. பன்னிரண்டால் வகுத்தால் 14 தட்டு. பதினான்கு என்றதும் மிருதங்கம் வாசிக்கும் மாமா வீட்டில் வளர்ந்தவளுக்கு என்ன தோன்றும்? ஏழு தட்டுத் தாளமான மிஸ்ர சாபு, இரண்டு ஆவர்த்தனம். “தகிட தகதிமி” இரண்டு சுற்று ஓடி, அடுத்த சமத்தில், அதாவது சுற்றின் முதல் தட்டில், பூனை வாளிக்குள். பார்க்கும் குழந்தைக்கு ஏழின் கணக்கு தெரியாது. ஏதோ தடுக்கித் தடுக்கி ஓடுகிறது என்று உடம்புக்கு மட்டும் தெரிந்துவிடும்.

மறுநாள் இயக்குநர் தொலைபேசியில், “மூன்றே மூன்று ஃபிரேம் சேர்த்திருக்கிறோம்” என்பார். 171. கவலையில்லை, வேகத்தை 122.8-க்கு இறக்கினால் அதே பதினான்கு தட்டில் பூனை விழுந்துவிடும். இருபது ஃபிரேம் சேர்த்துவிட்டால்? 188 ஃபிரேமைப் பதினான்கு தட்டில் அடைக்க வேகத்தை 112 பக்கம் இறக்க வேண்டும். ஓட்டம் நடையாகிவிடும். அப்போது தட்டுகளைக் கோத்த அடுக்கை, அதாவது கோர்வையை, மாற்றுவேன். இரண்டு தட்டு கார்வை, அதாவது இடைவெளி, சேர்த்துப் பதினாறாக்கி, வேகத்தை 127.7-க்கு ஏற்றுவேன். அந்தக் கார்வையில் இசை இருக்காது. பூனை காற்றில் தொங்கியபடி கீழே பார்க்கும், பிறகு விழும். குழந்தை சிரிப்பது விழுதலுக்கு என்று நாம் நினைக்கிறோம். அந்த இரண்டு தட்டு மௌனத்துக்குத்தான் சிரிக்கிறது.

கச்சேரியில் மிருதங்கக்காரர் பாட்டு தொடங்கும் இடமான எடுப்பிலிருந்து பின்னோக்கி எண்ணிக் கோர்வை வைப்பார் அல்லவா, நாங்கள் செய்வதும் அதேதான். வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன்களுக்கு 1936 முதல் 1958 வரை இசையமைத்த கார்ல் ஸ்டாலிங், மௌனப்படக் காலத்தில் தியேட்டரில் ஆர்கன் வாசித்தவர். படச்சுருளின் ஓட்டத்தோடு இணைந்த ‘டிக் டிக்’ ஒலியைக் காதில் கேட்டபடி வாத்தியக்குழு வாசிக்கும் முறைக்கு அவர் ஒரு முன்னோடி. அவர் பிடித்த நூலைத்தான் இன்று கணினியில் பிடித்துக்கொண்டிருக்கிறோம். ஆகவே இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது காலக்கணக்கு. சுரஞானம் அதற்கு அடுத்துத்தான்.

ஓர் எச்சரிக்கை. கண் சிமிட்டினால் ஒரு மணி, தலை திருப்பினால் ஒரு வயலின் என்று ஒவ்வோர் அசைவையும் இசையால் தொட ஆரம்பித்தால் மூன்றாவது நிமிடத்தில் தலைவலி வந்துவிடும். முதல் ஆண்டு நான் அப்படித்தான் செய்தேன். அந்தப் பாகங்களை இப்போது கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

பாட்டு ஆசிரியை, சயான்: குழந்தைகளுக்கு எந்த ராகம் பிடிக்கும்?

குழந்தைகள் ராகம் பார்ப்பதில்லை அம்மா. தங்களால் திரும்பப் பாட முடிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். ஓர் ஆக்டேவுக்குள் அடங்க வேண்டும், பெரிய தாவல் கூடாது, மூச்சு விட இடம் வேண்டும். மோகனம் பெரும்பாலும் கைவிடாது. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களை நீங்கள் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். பாண்டு வாத்திய மெட்டுகளில் கமகத்தைக் குறைத்து, நேராக, ஒரு சிறுவன் கைதட்டிப் பாடும்படி செய்திருக்கிறார். டைட்டில் பாட்டு எழுத உட்காரும்போதெல்லாம் நான் அவற்றை ஒரு முறை பாடிப் பார்ப்பதுண்டு.

மென்பொருள் ஊழியர், பவாய்: ஒரு தொடருக்கு மொத்தம் எவ்வளவு இசை எழுதுவீர்கள்?

52 பாகம், ஒவ்வொன்றும் 11 நிமிடம் என்று ஒப்பந்தம் வந்தால் 572 நிமிடம். ஒன்பதரை மணி நேரம். அவ்வளவையும் புதிதாக யாரும் எழுதுவதில்லை, எழுதினால் உயிர் மிஞ்சாது. முதல் சில பாகங்களுக்கு முழுக்க எழுதுவோம். அதிலிருந்து துரத்தல், திருட்டு நடை, அழுகை, யோசனை, வெற்றி என்று துண்டுகளைப் பிரித்து ஒரு களஞ்சியம் சேர்ப்போம். பின்வரும் பாகங்களில் பாதிக்கு மேல் அங்கிருந்து எடுத்து ஒட்டித் தைப்பதுதான். அமெரிக்காவில் ஹன்னா-பார்பெரா கார்ட்டூன் நிறுவனத்துக்கு ஹோய்ட் கர்ட்டின் இசையமைத்த காலத்திலிருந்தே இது வழக்கம். களஞ்சியத்தில் என் செல்லம், வாயில் வைத்து மீட்டும் மோர்சிங். ஸ்பிரிங் துள்ளினாலும் சரி, ஒருவன் தலையில் பந்து பட்டுத் தெறித்தாலும் சரி, “டொய்ங்” என்று அதைவிடச் சுத்தமாகச் சொல்ல வேறு வாத்தியம் இல்லை.

பதினோரு பேர், பல பேட்டைகள்: வருமானம்?

தொகையைச் சொல்ல மாட்டேன். தொடருக்குத் தொடர், ஆளுக்கு ஆள் மாறும். எப்படி வரும் என்பதைச் சொல்கிறேன், அது அதிக உபயோகம்.

பெரும்பாலும் பேக்கேஜ் முறை. ஒரு பாகத்துக்கு இவ்வளவு என்று பேசிவிடுவார்கள். பாடகர், வாத்தியக்காரர், ஸ்டூடியோ வாடகை, மிக்ஸிங் எல்லாம் உங்கள் பையிலிருந்து போகும். மிச்சம்தான் உங்களுடையது. ஆகவே எத்தனை முறை திருத்தம் செய்து தருவீர்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் இரண்டு முறை என்று எழுதுவேன், மூன்றாவதுக்குத் தனிக் காசு. அந்த வரி இல்லாவிட்டால் “கொஞ்சம் இன்னும் ஜாலியாக” என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு உங்களை ஒரு மாதம் சுற்றவிடுவார்கள்.

இனி ராயல்டி, அதாவது இசை ஓடும்போதெல்லாம் படைத்தவருக்கு வர வேண்டிய பங்கு. 2009-இல் ஒரு நிறுவனத்துக்கு டைட்டில் பாட்டு செய்தேன். ஒற்றைத் தாள் ஒப்பந்தம், ஒட்டுமொத்தத் தொகை, எல்லா உரிமையும் அவர்களுக்கு. வாசித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன், அன்று வாடகை கட்ட வேண்டியிருந்தது. அந்தப் பாட்டை இன்றும் பக்கத்து வீட்டுப் பையன் பாடுகிறான். எனக்கு அதற்குப் பிறகு ஒரு பைசா வரவில்லை. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். படத்தில் சேரும் இசையையும் பாடல்வரியையும் படைத்தவர், ராயல்டியில் தமக்குள்ள சமபங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. திரையரங்கில் படத்தோடு சேர்ந்து ஓடுவதற்கு மட்டும் விலக்கு. தொலைக்காட்சித் தொடரும் சட்டத்தின் கண்ணில் படம்தான். இன்று ஒருவர் “எல்லாம் எங்களுக்கே” என்று ஒப்பந்தம் நீட்டினால், அந்த வரிக்கு நேராகப் பேனாவை வைத்து நிமிர்ந்து கேளுங்கள்.

அடுத்த வேலை, இசையமைப்பாளர்களும் பாடலாசிரியர்களும் சேரும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினர் ஆவது. 1969-இல் தொடங்கிய சங்கம், 2017-இல் பதிப்புரிமைச் சங்கமாக மறுபடி பதிவு பெற்றது, அலுவலகம் நம் ஊரிலேயே. உரிமத்தொகையை வசூலித்து உறுப்பினர்களுக்குப் பிரித்துத் தருவார்கள். ஆனால் உங்கள் இசை எங்கே, எத்தனை விநாடி ஓடியது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் கியூ ஷீட். பாகத்தின் பெயர், இசைத்துண்டின் பெயர், நீளம், டைட்டிலா பின்னணியா, இசையமைத்தவர் யார் என்று வரிசையாக நிரப்பும் தாள் அது. தயாரிப்பு அலுவலகத்தில் யாரோ ஒரு பயிற்சிப் பையன் கடைசி நாளில் நிரப்புவான். ஒரு முறை என் பெயரின் முதலெழுத்தையே மாற்றிவிட்டான். இப்போது நானே நிரப்பி அனுப்பிவிடுகிறேன். ஒரு பாகத்துக்கு இருபது நிமிடம் ஆகும். மெட்டின் உரிமை உங்கள் ஆயுளுக்குப் பின்னும் 60 ஆண்டு நிற்கும் என்று நினைத்துக்கொண்டால் இருபது நிமிடம் பெரிதாகத் தெரியாது.

கணக்கு வழக்கு கேட்ட நண்பருக்கு: சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சம் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். அதற்கு மேல் ஆடிட்டரைக் கேளுங்கள், என்னை வேண்டாம்.

பாடல் எழுத விரும்புபவர், தாராவி: இந்தித் தொடரின் டைட்டில் பாட்டுக்குத் தமிழ் வரி எழுதச் சொன்னார்கள். மெட்டில் உட்கார மறுக்கிறது. என்ன செய்வது?

உங்கள் தவறு இல்லை. நமக்குக் குறில் நெடில் உயிர்நாடி. நீண்டு நிற்கும் சுரத்தில் குறிலை வைத்தால் ‘மலை’ ‘மாலை’ ஆகிவிடும், ‘படம்’ ‘பாடம்’ ஆகிவிடும். குழந்தை கேட்பது வேறு சொல். முதலில் இந்திப் பாட்டை “லா லா” என்று பாடி, நீளும் சுரங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களுக்கு நெடில் தேடுங்கள், பொருள் பின்னால் வரும். வினைமுற்றை நீட்டாதீர்கள். ‘ஓடிக்கொண்டிருக்கிறான்’ என்பது எந்த மெட்டிலும் ஏறாது, ‘ஓடுறான்’ கூட நெருடும், ‘ஓடு ஓடு’ என்று ஏவலாக்கிவிடுங்கள். குரல் இல்லாமல் இசையும் ஓசைகளும் மட்டும் உள்ள எம் அண்ட் இ டிராக்கைக் கேட்டு வாங்கி அதன்மேல் பாடிப் பாருங்கள். இந்திக் குரலின்மேல் பாடிப் பார்ப்பது வீண்.

இரண்டு குழந்தைகளின் தாய், தானே: கார்ட்டூன் என்றாலே ஒரே இரைச்சல். உங்களைப் போன்றவர்கள்தானே காரணம்?

பாதிக் குற்றம் என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். “இங்கே காலியாக இருக்கிறதே” என்று சொல்லும் தயாரிப்பாளருக்கு மறு பாதி. உரையாடல் வரும்போது வாத்தியங்களைக் குறைக்க வேண்டும், முக்கியமாகக் குரலோடு மோதும் நடு அலைவரிசையில். அதைச் செய்யாமல் ஒலியளவை ஏற்றினால் வருவதுதான் நீங்கள் சொல்லும் இரைச்சல். வீட்டில் ஹெட்போன் போடுகிறார்கள் என்றால் ஒன்று கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 பரிந்துரைப்படி குழந்தைகளுக்கு 75 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரம்தான் எல்லை.

பொறியியல் முடித்தவர், செம்பூர்: எங்கே ஆரம்பிப்பது? பெரிய கோர்ஸ் அவசியமா?

சேர முடிந்தால் சேருங்கள், தம்பி. இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. பவாய் ஐ.ஐ.டி.யின் ஐ.டி.சி. வடிவமைப்புப் பள்ளியில் அனிமேஷன் படிக்கும் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் குறும்படம் உண்டு, இசைக்குக் காசு இருக்காது. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.யிலும் அப்படித்தான். மூன்று நிமிடப் படம் நான்குக்கு இலவசமாக இசையமைத்துக் கொடுங்கள், ஐந்தாவதை இலவசமாகச் செய்யாதீர்கள். அந்த மாணவர்கள்தான் இன்னும் சில வருடத்தில் தொடர் இயக்குவார்கள். எனக்கு முதல் வேலை கொடுத்தவர் அப்படி வந்தவர்தான்.

பெயர் சொல்லாத ஒருவர்: செயற்கை நுண்ணறிவு உங்கள் வேலையைப் பறித்துவிடாதா?

களஞ்சியத் துண்டுகளில் ஒரு பகுதியைப் பறிக்கும் என்றே நினைக்கிறேன். 188-வது ஃபிரேமில் பூனை விழுவதற்கு முன் எவ்வளவு நேரம் சும்மா இருக்க வேண்டும் என்று இயக்குநரோடு சண்டை போட அதற்கு இன்னும் வரவில்லை.

வங்கி அதிகாரி, வாஷி: சினிமாவுக்கு எப்போது போகப் போகிறீர்கள்?

என் சித்தப்பாவும் இதையே கேட்கிறார். 1974-இல் அரசின் படத் தயாரிப்புப் பிரிவான ஃபிலிம்ஸ் டிவிஷன் குழந்தைகளுக்காக எடுத்த ‘ஏக் அனேக் அவுர் ஏக்தா’ என்ற ஏழு நிமிட அனிமேஷன் படத்துக்கு இசை வசந்த் தேசாய். சினிமாவில் பெரிய பெயர் எடுத்த பிறகு வந்து செய்தார். 1993-இல் தூர்தர்ஷனில் வந்த ஜங்கிள் புக் தொடரின் இந்தி டைட்டில் பாட்டுக்கு விஷால் பரத்வாஜ் இசையமைத்து, குல்ஸார் எழுதினார். அவர்கள் இந்தப் பக்கம் வரலாமென்றால் நான் ஏன் அந்தப் பக்கம் ஓட வேண்டும்?

மிருதங்க ஆசிரியர், மாட்டுங்கா: என்னிடம் ஒரு பையன் இருக்கிறான். பாட்டு சுமார், கணக்கு மட்டும் அபாரம். உங்களிடம் அனுப்பலாமா?

தாராளமாக அனுப்புங்கள், ஐயா. ஞாயிறு காலை பத்து மணிக்கு, கோரேகா ஸ்டேஷன் மேற்குப் பக்கம் வந்து அழைக்கச் சொல்லுங்கள். கையில் ஒரு கஞ்சிரா இருந்தால் நல்லது. ஒரு நரி சுவரேறிக் குதிக்கும் காட்சி பாக்கி இருக்கிறது, 203 ஃபிரேம், எனக்கு எப்படியும் பிடிபடவில்லை.