நவீன வசதிகளைக் கட்டுப்படுத்தி எளிமையாக வாழும் அமெரிக்கக் கிறிஸ்தவப் பிரிவான ஆமிஷ் சபைகளில் போன் கூடாது என்கிறார்களே, அப்புறம் பண்ணையோரம் போன் எப்படி வந்தது?

தடை வீட்டுக்குள் போன் வைப்பதற்குத்தான், போனில் பேசுவதற்கு இல்லை. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில் 1910 வாக்கில் ஏற்பட்ட சபைப் பிளவில் போனுக்கும் பங்கு உண்டு. பிறகு, அவசரத்துக்கு டாக்டரைக் கூப்பிட வேண்டாமா என்று சிலர் கேட்க, பாதையோரம் கழிப்பறை அளவு மரக்கூண்டில் நாலைந்து குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரு போன் வந்தது. அப்புறம் மெல்லப் பட்டறைப் பக்கம் நகர்ந்தது.

இதற்கென்று பெரிய தீர்மானம் எதுவும் போடுவதில்லை. 'ஆர்ட்னுங்' எனப்படும் சபை ஒழுங்கு பெரும்பாலும் எழுதப்படாதது. ஆண்டுக்கு இரண்டு முறை, இயேசுவின் கடைசி விருந்தை நினைவுகூரும் திருவிருந்து வழிபாட்டுக்கு முன் சபை கூடி அதற்கு ஒப்புதல் சொல்லும். புதுப் பழக்கம் ஒன்றைப் பல வருஷம் யாரும் கண்டிக்காமல் விட்டால், அதுவே வழக்கமாகிவிடும். கண்டும் காணாமல் இருப்பதுதான் இங்கே நிஜமான அனுமதி என்பேன்.

அதே லங்காஸ்டர் பகுதியில், ஆமிஷைப் போலவே எளிமையாக வாழும் இன்னொரு கிறிஸ்தவப் பிரிவான பழைய ஒழுங்கு மென்னோனைட்டுகள் 1927-இல் கார் விஷயத்தில் இரண்டாகப் பிரிந்தார்கள். காரை ஏற்ற பிரிவினர், பகட்டாகத் தெரியக்கூடாதென்று குரோம் பம்பருக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்தார்கள். அந்தக் கறுப்பும் இப்போது பலரிடம் இல்லை. மற்றவர்கள் இன்னும் குதிரை வண்டிதான்; ஆனால் வயலில் டிராக்டர் ஓட்டுவார்கள், இரும்புச் சக்கரத்தோடு.