பிறவியிலேயே இதய வால்வுக் குறைபாடு உள்ள பெண் கருத்தரிக்கலாமா?

உங்களுக்கு, இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெருநாடியின் வால்வில் மூன்று இதழ்களுக்குப் பதில் இரண்டுதான், திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, பிள்ளை பெறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அதே வால்வுதான். நூறு பேரில் ஒருவர், இருவருக்கு இருப்பதுதான் இது. நான் மருத்துவர் அல்ல, பெற்றுப் பிழைத்தவள்.

நோயின் பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம், அளவைக் கேளுங்கள். வால்வு சுருங்கியிருக்கிறதா, கசிகிறதா, எவ்வளவு? கர்ப்பத்தில் உடலின் இரத்தம் 40 முதல் 50 சதவீதம் வரை கூடும். கசிவு மட்டும் என்றால், இதயத்தசை வலுவாக இருக்கும்வரை பெரும்பாலும் தாங்கிவிடும். சுருக்கம் அப்படியல்ல. வாசல் அதே குறுகலில் நிற்க, கூட்டம் மட்டும் பெருகுகிறது. கடுமையான சுருக்கத்தோடு மயக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தால், முதலில் வால்வைச் சரிசெய்துகொள்ளத்தான் சொல்வார்கள்.

நம் வகை வால்வுக்காரர்கள் கோட்டைவிடுவது பெருநாடியின் அகலத்தை. அது 50 மி.மீ.க்கு மேல் விரிந்திருந்தால் கருத்தரிக்கவே வேண்டாம் என்பார்கள். கர்ப்பத்தில் கிழியும் அபாயம் உண்டு. என் பழைய எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கை ஒன்றில் அந்த இடம் காலியாக இருந்தது. கேட்டுத்தான் எழுதி வாங்கினேன். உங்களுடையதையும் எடுத்துப் பாருங்கள்.

உலோக வால்வு பொருத்தியவர்கள் பாடு வேறு. அவர்கள் இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் வார்ஃபரின் மாத்திரை 6 முதல் 12 வாரங்களில் கருவைப் பாதிக்கலாம். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினாலோ வால்வில் இரத்தம் உறைந்து தாயின் உயிருக்கே ஆபத்து. மாற்று ஏற்பாட்டைக் கருத்தரிக்கும் முன்பே மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டும்.

"இதயக்காரிக்கு வயிற்றைக் கிழித்துத்தான் எடுப்பார்கள்" என்று என் உறவுக்காரப் பெண்கள் ஒரே குரலில் சொன்னார்கள். அது பொதுவிதி அல்ல. முதுகில் வலிமருந்து கொடுத்து, கடைசிக் கட்டத்தில் அதிகம் முக்கவிடாமல் கருவி வைத்து எடுப்பதையே பலருக்கும் விரும்புகிறார்கள். எனக்கும் அப்படித்தான்.

பிள்ளை பிறந்ததும் கண்டம் தாண்டிவிட்டதாக வீட்டார் நினைப்பார்கள். கருப்பை சுருங்கும்போது அதிலிருந்த இரத்தம் ஒரேயடியாக இதயத்துக்குத் திரும்புகிறது; அடுத்த ஓரிரு நாட்கள்தான் கண்காணிப்பு அதிகம் தேவை. ஒரு கையில் இரத்த அழுத்தப் பட்டை இறுகி இறுகித் தளர, மறுகையில் மகளை அணைத்துப் பால் கொடுத்தேன்.

மகப்பேறு மருத்துவரும் இதய மருத்துவரும் ஒரே மருத்துவமனையில் இருக்கும் இடமாகப் பாருங்கள். இந்தக் குறை பிள்ளைக்கும் வரலாம் என்பதால், 18 முதல் 22 வாரங்களுக்குள் கருவின் இதயத்துக்கும் எக்கோ எடுப்பார்கள். முதல் ஆலோசனைக்கே வருங்காலக் கணவரையும் கூட்டிப்போங்கள். மாமியார் வீட்டுக்கு அவரே விளக்கிச் சொல்லட்டும்.