எச்.ஐ.வி.க்குப் பிறகு வரும் மறதியும் கால் எரிச்சலும் மரபணுவாலா? ஜீன் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கும் என் அண்ணனுக்கு 46 வயது. பல வருடங்களாக எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை போடுகிறார், இப்போது போடுவது டி.எல்.டி. என்ற கூட்டு மாத்திரை. வைரல் லோடு (இரத்தத்தில் வைரஸின் அளவு) "கண்டறியப்படவில்லை" என்றே வருகிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் உண்டு. சில மாதங்களாக மறதி, இரண்டு பாதத்திலும் எரிச்சல். ஆன்லைனில் ஒரு லேப் "நரம்பு ஜீன் பேனல்" (பல ஜீன்களை ஒரே தடவையில் பார்க்கும் டெஸ்ட்) எடுக்கச் சொல்கிறது. எடுக்கலாமா? அவர் பிள்ளைகளுக்கும் இது வருமா?

பதில்:

பிள்ளைகளைப் பற்றிய பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். எச்.ஐ.வி. தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, இன்டகிரேஸ் என்ற என்சைமைக் கொண்டு நம் செல்லின் குரோமோசோமில் செருகிக்கொள்கிறது என்பது உண்மைதான். டி.எல்.டி.யில் உள்ள டோலுடெக்ராவிர் தடுப்பது இந்தச் செருகலைத்தான். ஆனால் இது நடப்பது நோய் எதிர்ப்புச் செல்களான சி.டி.4 செல்களிலும் மேக்ரோஃபேஜ்களிலும். அப்பாவின் மரபணு வழியாகப் பிள்ளைக்கு இறங்காது. தாயிடமிருந்து குழந்தைக்குப் போவதும் தொற்றுதான், பரம்பரை அல்ல. அண்ணிக்கு டெஸ்ட் எடுத்து நெகட்டிவ் என்றால் பிள்ளைகள் விஷயத்தில் கவலைப்பட ஒன்றுமில்லை.

ஜீன் பேனலுக்கு என் பதில்: வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

தொற்றிய சில வாரங்களுக்குள்ளேயே எச்.ஐ.வி. மூளைக்குப் போய்விடும். ஆனால் நரம்புச் செல்லை அது நேரடியாகத் தாக்குவதில்லை. மூளையில் காவலுக்கு இருக்கும் மைக்ரோக்ளியா, மேக்ரோஃபேஜ் செல்களில் தங்குகிறது. அவை கக்கும் அழற்சிப் பொருள்களும், வைரஸின் ஜிபி120, டாட் புரதங்களும்தான் பக்கத்திலிருக்கும் நரம்புச் செல்களைக் கெடுக்கின்றன. ஆகவே இந்த அழற்சியைக் கூட்டிக் குறைக்கும் ஜீன்கள் மீது ஆய்வாளர்களின் கண் விழுந்தது இயல்பே. சிசிஎல்2 என்ற ஜீனின் ஒரு வகை எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பைக் குறைக்கிறது, ஆனால் தொற்றிவிட்டால் டிமென்ஷியா என்ற கடும் மறதி நோயின் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று 2002ல் ஓர் ஆய்வு வந்தது. அல்சைமரில் பேர்போன ஏபிஓஇ4 ஜீனையும் பார்த்தார்கள். சில ஆய்வுகளில் தொடர்பு தெரிந்தது, சிலவற்றில் தெரியவே இல்லை. பிறகு மொத்த ஜீனோமையும் அலசியபோது, புள்ளியியல் வரம்பைத் தாண்டி உறுதியாக நின்ற ஜீன் எதுவும் கிடைக்கவில்லை. எச்.ஐ.வி. செல்லுக்குள் நுழையும் கதவை அடைக்கும் ஜீன் மாற்றமான சிசிஆர்5 டெல்டா 32 ஐரோப்பியரிடம்தான் அதிகம், நம்மிடம் மிக அரிது. இந்த நிலையில் பேனலில் "ரிஸ்க் ஜீன்" என்று ஒன்று சிவப்பில் வந்தாலும் மாத்திரையில் ஒன்றும் மாறப்போவதில்லை. வீட்டில் தூக்கம்தான் கெடும்.

நம் ஜீனைவிட வைரஸின் ஜீன் சுவாரசியமானது. இந்தியாவில் பரவியிருப்பது பெரும்பாலும் 'சி' துணை வகை. மேற்கு நாடுகளில் 'பி'. டாட் புரதத்தின் 31ஆவது இடத்தில் 'பி'யில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருக்கும், நம் 'சி'யில் செரின். இந்த ஒரு மாற்றத்தால் மோனோசைட் என்ற வெள்ளை அணுக்களை மூளைப் பக்கம் இழுக்கும் திறன் குறைகிறது என்று பெங்களூரு ஆய்வாளர்கள் 2004ல் காட்டினார்கள். அதனால் நமக்கு மறதியே வராது என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள், அது தவறு. இந்திய நோயாளிகளிடமும் அறிவாற்றல் குறைபாடு பதிவாகியிருக்கிறது. ஆனால் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறவர்களிடம் முழு டிமென்ஷியா குறைவு. 1,500க்கும் மேற்பட்டோரைச் சோதித்த அமெரிக்காவின் சார்ட்டர் ஆய்வில் அது 2 சதவீதம்தான். மூன்றில் ஒருவருக்கு இருந்தது சோதனையில் மட்டும் தெரிகிற லேசான குறை.

நடைமுறையில் கணக்கில் வரும் ஜீன்கள் மருந்தைக் கையாளும் ஜீன்கள். முன்பு இரவில் கொடுத்த எஃபாவிரென்ஸ் மாத்திரை சிலருக்குத் தலைசுற்றல், கெட்ட கனவு, குழப்பம் என்று படுத்தியெடுத்தது. சிஒய்பி2பி6 ஜீனின் மெதுவான வகை உள்ளவர்களின் இரத்தத்தில் மருந்து தேங்கியதே முக்கியக் காரணம். அண்ணன் இப்போது டி.எல்.டி.யில் இருப்பதால் அது பொருட்டல்ல. இன்னொன்று என்ஏடி2. காசநோய்த் தடுப்புக்குத் தரும் ஐசோனியாசிட் 300 மி.கி. மாத்திரையை உடைத்து வெளியேற்றும் ஜீன் இது. தென்னிந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இது மெதுவாகவே வேலை செய்யும். மருந்து தேங்கி வைட்டமின் பி6 குறையும், பாதம் எரியும். அதனால்தான் கூடவே பைரிடாக்சின் தருகிறார்கள். ஜீனைச் சோதிக்காமலே எல்லோருக்கும் பி6 கொடுப்பது மலிவு, பாதுகாப்பு. அண்ணன் ஐசோனியாசிட் போட்டிருந்தால், அந்தக் காலத்தில் பி6ஐ விட்டுவிட்டாரா என்று கேளுங்கள். பலர் "அது சத்து மாத்திரைதானே" என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். அதற்காக மெடிக்கலில் வாங்கி இஷ்டத்துக்கு விழுங்கவும் கூடாது. பி6 அதிக அளவில் நாள்கணக்கில் போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

இனி அண்ணன் விஷயம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் என் முதல் சந்தேகம் பி12 மீது. மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் போட்டால் பி12 குறையும், பி12 குறைந்தால் மறதி, எரிச்சல் இரண்டும் வரும், சர்க்கரையே தனியாகப் பாதத்தை எரிக்கும். பி12 அளவு மி.லி.க்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு, 200 முதல் 300 வரை சந்தேகம். பி12 பார்க்காமல் ஃபோலிக் ஆசிட் மட்டும் கொடுத்தால் இரத்தசோகை சரியானதுபோல் தெரியும், நரம்பு பின்னால் கெட்டுக்கொண்டே போகும். கூடவே எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), தைராய்டு, வி.டி.ஆர்.எல். (சிபிலிஸ் டெஸ்ட்), சி.டி.4, புதிய வைரல் லோடு பாருங்கள். மனச்சோர்வும் குடியும் மறதியாகவே வெளியே தெரியும், அதையும் ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மெட்ஃபார்மின் மொத்த அளவும் முக்கியம். டோலுடெக்ராவிர் அதை இரத்தத்தில் ஏற்றிவிடும், ஒரு நாளைக்கு 1,000 மி.கி.க்கு மேல் போகாமல் பார்ப்பது வழக்கம்.

எரிச்சல் தாங்காமல் கடையில் வாங்கும் இரும்பு, கால்சியம், துத்தநாகம் கலந்த மாத்திரைகளில் ஒரு சிக்கல் உண்டு. வெறும் வயிற்றில் சேர்த்துப் போட்டால் அவை டோலுடெக்ராவிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடலில் ஏறாது. டி.எல்.டி.யை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போட வேண்டும். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிடுக்கும் இதே கணக்கு. எரிச்சலுக்கோ வலிப்புக்கோ வேறு டாக்டர் கார்பமஸிபின், ஃபெனிடாயின் எழுதினால் ஏ.ஆர்.டி. மையத்துக்குத் தெரியாமல் தொடங்கக் கூடாது. இரத்தத்தில் டோலுடெக்ராவிரின் அளவை அவை இறக்கிவிடும்.

மறதி எவ்வளவு என்று அறிய சர்வதேச எச்.ஐ.வி. டிமென்ஷியா அளவுகோல் என்ற எளிய சோதனை உண்டு. நாய், தொப்பி, அவரை, சிவப்பு என்ற நான்கு சொற்களை நொடிக்கு ஒன்றாகச் சொல்லி, திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும். பிறகு அதிகம் பழகாத கையின் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் 5 நொடி எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாகத் தட்டச் சொல்லுங்கள். 15 தடவை வந்தால் 4 மதிப்பெண். அடுத்து மேசையில் முஷ்டி, விரித்த உள்ளங்கை, பக்கவாட்டில் நிறுத்திய கை என்ற வரிசையை 10 நொடி. 4 சுற்று வந்தால் 4. கடைசியில் அந்த நான்கு சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 1, குறிப்பு கொடுத்த பிறகு சொன்னால் அரை. மொத்தம் 12. 10 அல்லது அதற்குக் கீழே வந்தால் நரம்பியல் டாக்டரிடம் போக வேண்டும், டிமென்ஷியா என்று அர்த்தமில்லை. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்து விரல் காய்ப்பு ஏறியவருக்குத் தட்டும் வேகம் குறைவாகத்தான் வரும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் மறதி ஏறிக்கொண்டே போனால், நடை தள்ளாடினால், கை நடுங்கினால், எம்.ஆர்.ஐ.யும் முதுகுத் தண்டு நீர்ப் பரிசோதனையும் கேளுங்கள். இரத்தத்தில் வைரஸ் தெரியாமல், மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் இந்த நீரில் மட்டும் பெருகுவது உண்டு. இந்தியாவில் அட்டாசனாவிர் சார்ந்த கூட்டு மருந்து எடுத்தவர்களிடம் இது பதிவாகியிருக்கிறது. முன்பு அண்ணனுக்கு அந்த மருந்து இருந்ததா என்று பழைய பச்சை அட்டையைப் பாருங்கள். மூளை நீரில் வைரல் லோடும் மருந்து எதிர்ப்பு மரபணுச் சோதனையும் எடுத்து மருந்தை மாற்றுவார்கள். இந்த ஒரு ஜீன் சோதனைக்குத்தான் காசு செலவழிக்கலாம். அதுவும் வைரஸின் ஜீன், அண்ணனுடையது அல்ல.

குடியாத்தத்திலிருந்து இதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. 1986ல் சென்னையில் எடுத்த இரத்த மாதிரிகளை ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து சோதித்து, நாட்டின் முதல் எச்.ஐ.வி. பாஸிட்டிவை முதலில் கண்டது வேலூர் சி.எம்.சி.தான், நரம்பியல் அங்கே 1949லிருந்து இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியும் உங்களுக்குப் பக்கம்தான். எங்கே போனாலும் ஏ.ஆர்.டி. அட்டை, சர்க்கரை மாத்திரைச் சீட்டு, வெளியே வாங்கிய மாத்திரைகளின் அட்டைகள் மூன்றையும் கொண்டு போங்கள். அவர் நிலையை வெளியே சொல்லக் கூடாது என்பது 2017 எச்.ஐ.வி. சட்டம். சந்தேகம் இருந்தால் எய்ட்ஸ் உதவி எண் 1097க்கு இலவசமாகப் பேசலாம்.

காய்ச்சலோடு தலைவலி, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் மட்டும் பலவீனம், திடீர்க் குழப்பம் வந்தால் மேலே சொன்ன வரிசைக்குக் காத்திராமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். காசநோய் மூளைக்காய்ச்சலும், மூளையைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையும் டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணியும் அப்படித்தான் தொடங்கும், மூன்றுக்கும் மருந்து உண்டு.