பதிவு போட்டாச்சு, மனு போட்டாச்சா?

கன்னங்குறிச்சியில் எட்டு வருடமாக இ-சேவை மையம் நடத்துகிறேன். அதற்கு முன்னால் சேலம் கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். ஏற்காட்டிலிருந்து இறங்கி வருகிறவர்களும் டவுனிலிருந்து வருகிறவர்களும் என் கடை பெஞ்சில் ஒன்றாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள். போன வாரம், "செல்போனும் சோஷியல் மீடியாவும் வந்த பிறகு அரசாங்கத்திடம் வேலை வாங்குவது எப்படி மாறியிருக்கிறது, கேளுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்" என்றேன். வந்து குவிந்துவிட்டது. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். "சாதிச் சான்றிதழ் நாளைக்கே வாங்கித் தருவீர்களா" என்று கேட்ட நாலு பேருக்கும் இங்கேயே பதில்: மாட்டேன்.

டவுனிலிருந்து ஒருவர்: எங்கள் தெருவில் மூன்று மாதமாகச் சாக்கடை வழிகிறது. வீடியோ எடுத்து எக்ஸ் தளத்தில் போட்டு, யார் யாரையோ டேக் செய்தேன். நிறையப் பேர் பார்த்தார்கள். மறுநாள் ஒரு ஆள் வந்து பிளீச்சிங் பவுடர் தூவி, அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். சாக்கடை அப்படியே இருக்கிறது, அக்கா.

உங்கள் வீடியோவுக்குப் பதில் அந்தப் பவுடர்தான். நீங்கள் ஒரு படம் போட்டீர்கள், அவர்களும் ஒரு படம் போட்டார்கள், கணக்கு நேர். சாக்கடையைக் கட்ட வேண்டுமென்றால் ஒருவர் வந்து அளந்து எஸ்டிமேட் போட வேண்டும், நிதி ஒதுக்க வேண்டும். அதற்கெல்லாம் ஒரு ஃபைல் வேண்டும். மனு போனால்தான் ஃபைல் திறக்கும்.

வீடியோ வேண்டாம் என்று சொல்லவில்லை, போடுங்கள். ஆனால் அதே நாளில் தமிழக அரசின் புகார் எண்ணான 1100-க்கு போன் செய்து புகாரைப் பதியுங்கள், அல்லது திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் எழுதிக் கொடுங்கள். எப்படிக் கொடுத்தாலும் மனு எண் இல்லாமல் வீட்டுக்கு வராதீர்கள். அடுத்த முறை வீடியோ போடும்போது அந்த எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். வெறும் டேக்குக்கு "விவரங்களை அனுப்புங்கள்" என்று பதில் வரும். எண்ணோடு போட்டால் அந்த எண் யார் மேஜையில் கிடக்கிறது என்று தேடியாக வேண்டும்.

இரண்டு வாரத்தில் "தங்கள் மனு மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு முடித்து வைக்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வந்தாலும் வரும். எனக்கே வந்தது. தெருவிளக்கு எரியவில்லை என்று கொடுத்திருந்தேன். அந்த எஸ்எம்எஸ்ஸை இருட்டில் நின்றுதான் படித்தேன். கோபத்தில் பதிவு எதுவும் போடவில்லை. வெள்ளைத்தாளில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) மூன்றே கேள்வி கேட்டேன். இந்த எண்ணுள்ள மனுவை விசாரித்த அலுவலரின் பதவி என்ன? அவர் இடத்தைப் பார்வையிட்ட தேதி எது? முடித்து வைக்கலாம் என்று எழுதிய குறிப்பின் நகல் கொடுங்கள். அவ்வளவுதான். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது 2005-ஆம் வருடத்துச் சட்டம். பதில் 26-ஆம் நாள் வந்தது. விளக்கு அதற்கு இரண்டு நாள் முன்பே எரிந்துவிட்டது.

பதிலே வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல் அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. அங்கேயும் ஒன்றுமில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். அங்கே காத்திருக்கப் பொறுமை வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொருவர்: ஆர்டிஐ-யில் கேட்டால் இப்போதெல்லாம் "இது தனிநபர் தகவல்" என்று ஒரே வரியில் மறுக்கிறார்களே?

நல்ல கேள்வி. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. நம் போன் நம்பரையும் ஆதாரையும் கண்டவர்களும் விற்காமல் தடுக்கத்தான் அந்தச் சட்டம் என்றார்கள். போகிற போக்கில் ஆர்டிஐ சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவையும் அது திருத்தியது. முன்பெல்லாம் தனிநபர் தகவலாக இருந்தாலும், பொது வேலையோடு சம்பந்தம் இருந்தாலோ பொதுநலன் இருந்தாலோ கொடுக்க வேண்டும் என்று அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்தது. திருத்தத்தில் அந்த வாசகம் போய்விட்டது. எனக்கு இது பிடிக்கவில்லை. கதவுக்குப் பூட்டுப் போடுகிறேன் என்று ஜன்னலையும் சேர்த்து அடைத்த மாதிரி இருக்கிறது.

ஆனால் 8(2) இன்னும் இருக்கிறது. பாதிப்பைவிடப் பொதுநலன் பெரிது என்றால் தகவலைத் தரலாம் என்று அது சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். அப்புறம், பெயர்களைக் கேட்காதீர்கள். "பயனாளிகள் பட்டியல் கொடு" என்றால் மறுப்பது சுலபம். "எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, எந்த விதிப்படி நிராகரித்தீர்கள்" என்று கேட்டால் அதில் தனிநபர் எங்கே வந்தார்?

ஏற்காட்டுக்கு மேலே ஒரு கிராமத்திலிருந்து: நூறு நாள் வேலையில் ஆப்பில் போட்டோ எடுத்தால்தான் அட்டெண்டன்ஸ் என்றார்கள். எங்கள் ஊரில் டவர் கிடைக்க மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில்தான் ஏற வேண்டும். வேலை செய்த நாளுக்கும் கூலி போய்விட்டது.

உங்களைப் போல எத்தனை பேர் என் கடையில் வந்து உட்கார்ந்தார்கள் தெரியுமா! அந்த ஆப்பின் பெயர் என்எம்எம்எஸ். 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத்தளத்திலும் கட்டாயமானது. ஒரு நாளைக்கு இரண்டு முறை, நேரமும் இடமும் பதிவாகும்படி ஆட்களைப் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். செத்தவர் பெயரிலும் ஊரில் இல்லாதவர் பெயரிலும் கூலி எடுப்பதைத் தடுக்கத்தான் கொண்டுவந்தார்கள். நோக்கத்தில் தப்பில்லை. டவர் எல்லா ஊரிலும் இருக்கும் என்று டெல்லியில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டதில்தான் தப்பு.

இதில் வேடிக்கை என்னவென்றால், 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒரு சுற்றறிக்கை விட்டது. சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், பழைய போட்டோவையே திரும்பப் போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள் என்று பட்டியல் போட்டிருந்தார்கள். ஏமாற்றுகிறவர் ஒரு வாரத்தில் ஆப்பைக் கற்றுக்கொண்டுவிட்டார். நேர்மையாகக் குழி வெட்டியவர் மரத்தில் ஏறிக்கொண்டிருந்தார்.

உங்களுக்குத் தெரிய வேண்டியது இரண்டு. டவர் இல்லாத இடத்தில் ஆஃப்லைனில் படமெடுத்துவிட்டு, சிக்னல் வந்ததும் ஏற்ற அந்த ஆப்பிலேயே வழி உண்டு. பணித்தளப் பொறுப்பாளருக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்காததால்தான் பாதிக் கூலி போனது. அதுவும் முடியாமல் போனால், மாவட்ட அளவில் கையால் எழுதிய வருகையை ஏற்றும் அதிகாரம் கொடுக்கப்பட்டிருந்தது. எந்தெந்தத் தேதி, எத்தனை பேர், என்ன வேலை என்று எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு பிளாக் ஆபீஸில் கொடுங்கள். முத்திரை குத்திய நகலை வாங்கிக்கொள்ளுங்கள். கிராம சபையிலும் தீர்மானமாக வையுங்கள். 2022-லிருந்து வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. மலையில் "இந்த மழையில் யார் போவது" என்று யாரும் போவதில்லை, அங்கேதான் நமக்கு நஷ்டம்.

கல்லூரி மாணவர்: அரசை விமர்சித்துப் பதிவு போட்டால் கைது செய்வார்கள் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். பதிவு போட்டு எதையாவது மாற்ற முடியுமா, சொல்லுங்கள்.

முதலில் பயத்துக்கு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. "எரிச்சலூட்டும்" பதிவுக்கே மூன்று வருடம் வரை சிறை. 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. செத்த பிரிவிலும் போலீஸ் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்ததால், 2022-ல் நீதிமன்றம் திரும்பவும் "போடாதே" என்று சொல்ல வேண்டியிருந்தது. விமர்சனம் குற்றமில்லை. வதந்தி, சாதி மத வெறுப்பு, மிரட்டல், ஒரு பெண்ணின் படத்தை அசிங்கப்படுத்துவது, இதற்கெல்லாம் வேறு பிரிவுகள் நன்றாக உயிரோடு இருக்கின்றன.

மாற்ற முடியுமா என்றால், நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக சேலத்தில் ரயிலை மறித்து உட்கார்ந்தார்கள். எந்தக் கட்சியும் கூப்பிடவில்லை, வாட்ஸ்அப்தான் கூப்பிட்டது. அதே மாதம் சட்டசபை கூடிச் சட்டத்தைத் திருத்தியது. அடுத்த வருடம் சேலம்-சென்னை எட்டு வழிச் சாலை. வயலில் கல் நட்டபோது பெண்கள் விழுந்து அழுத வீடியோவைப் பார்க்காத போன் இந்த மாவட்டத்தில் இருந்திருக்காது. ஆனால் 2019 ஏப்ரலில் நில எடுப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது அந்த வீடியோவுக்காக இல்லை. விவசாயிகள் சர்வே எண்ணோடு போட்ட வழக்குகளுக்காக. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிப்பு செல்லும் என்று திருப்பியதும் காகிதத்தை வைத்துத்தான்.

நேபாளம் ஞாபகம் இருக்கிறதா? 2025 செப்டம்பர் தொடக்கத்தில் 26 சோஷியல் மீடியா தளங்களைத் தடை செய்தார்கள். 8-ஆம் தேதி இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் பலர் செத்தார்கள், 9-ஆம் தேதி பிரதமர் போய்விட்டார். இடைக்காலப் பிரதமராக யார் வரலாம் என்று டிஸ்கார்டு என்ற அரட்டை ஆப்பில் பேசி வாக்கெடுத்தார்கள். அரசைக் கவிழ்க்க இரண்டு நாள் போதுமாக இருந்தது. அடுத்து வருகிற அரசு பென்ஷனை ஒழுங்காகத் தருமா என்பது வேறு வேலை, அதை லைக் போட்டுச் செய்ய முடியாது. போடுங்கள் தம்பி. கூடவே ஒரு மனுவும் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சொல்லித் தருகிறேன், டீ உங்கள் செலவு.

ஆத்தூர் பக்கம் ஓர் அம்மா: குடும்பக் குரூப்பில் "பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள்" என்று மச்சினர் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். பெரியவர், எதிர்த்துச் சொல்லவும் முடியவில்லை.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போன குடும்பம் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. இதே மெசேஜை நம்பிய ஊர் அவர்களை அடித்தது. 65 வயது அம்மா ஒருவர் இறந்துபோனார். அந்த வருடம் இப்படி நாட்டில் பல இடங்களில் நடந்த பிறகுதான், ஒரு மெசேஜை ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் மாற்றியது. 2020-ல், பல கை மாறி வந்து இரட்டை அம்புக்குறி விழுந்த மெசேஜை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும் என்று இறுக்கினார்கள்.

மச்சினரிடம் "பொய்" என்று சொல்லாதீர்கள், சண்டைதான் வரும். "ஐயோ, எந்த ஊர், எந்தத் தேதி, எந்த ஸ்டேஷனில் புகார்?" என்று அக்கறையாகக் கேளுங்கள். எங்கள் வீட்டுக் குரூப்பில் இது வேலை செய்கிறது. இப்போது என் சித்தப்பா குட்மார்னிங் ரோஜாப்பூவோடு நிறுத்திக்கொள்கிறார்.

அம்மாபேட்டை தறிக்காரர்: மகள் இன்ஸ்டாகிராமில் சேலை விற்கிறாள். பணம் அனுப்பிவிட்டேன் என்று ஸ்கிரீன்ஷாட் காட்டி ஒருவன் இரண்டு பட்டுச் சேலையைத் தூக்கிவிட்டான்.

ஸ்கிரீன்ஷாட் பணமில்லை, அண்ணா. உங்கள் பேங்க் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகுதான் பார்சல் கட்ட வேண்டும். பணம் வாங்க யுபிஐ பின் போடவே தேவையில்லை. போடச் சொன்னால் அவன் திருடன். பணம் ஏமாந்தது தெரிந்தவுடன் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் செய்யுங்கள், மறுநாள் என்று தள்ளினால் பணம் கைமாறிவிடும். உங்கள் விஷயத்தில் போனது சரக்கு, அதனால் அவன் நம்பர், அனுப்பிய முகவரி, ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றோடும் போலீஸில் புகார் கொடுங்கள். அதற்காக மகளை விற்பனையை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். நெய்தவருக்கே நேராக விலை கிடைப்பது சின்ன விஷயமா?

தேர்தல் நேரத்தில் போலி வீடியோ வந்தால் சி-விஜில் ஆப்பில் போடலாமா? (மூன்று பேர்)

முடியாது. பணம் கொடுப்பது, பரிசுப் பொருள் இறக்குவது போன்றவற்றை அந்த இடத்திலேயே அந்த ஆப்பில் படமெடுத்து அனுப்பத்தான் அது. கேலரியில் இருப்பதை ஏற்ற முடியாது. 100 நிமிடத்தில் நடவடிக்கை என்பது தேர்தல் ஆணையத்தின் கணக்கு. போலி வீடியோ என்றால் தேர்தல் உதவி எண்ணான 1950-க்கு போன் செய்யுங்கள்.

ஆஸ்திரேலியா மாதிரி இங்கேயும் 16 வயதுக்குக் கீழே தடை வேண்டாமா?

அங்கே 2025 டிசம்பர் 10-ல் அமலுக்கு வந்தது. இங்கே பையனுக்குக் கணக்கைத் திறந்து கொடுப்பதே அப்பாதான். சட்டத்தை யாரிடம் காட்டுவது?

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து: அம்மா நாற்பது வருடம் கொலுசுப் பட்டறையில் மெருகு போட்டவர். ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடையில் மெஷின் எடுக்கவில்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வெள்ளி வேலை செய்தவர்கள், காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தவர்கள், நெசவாளர்கள், எல்லோருக்கும் இதே கதை. உழைத்த கைதான் மெஷினுக்கு ஆகவில்லை. ரேகை விழாவிட்டால் கருவிழி ஸ்கேன் பல கடைகளில் இருக்கிறது, அதைக் கேளுங்கள். கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தால் முதலில் ஆதாரில் கருவிழியைப் புதுப்பிக்க வேண்டியிருக்கலாம். அம்மாவால் நடக்க முடியாது என்றால், அவருக்குப் பதில் இன்னார் வாங்குவார் என்று அங்கீகாரப் படிவம் கொடுக்கலாம். வயதானவர்களுக்கு வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. பெயர் சேர்ந்திருக்கிறதா என்று கடையிலேயே கேளுங்கள்.

திரும்பவும் அனுப்பினால், அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு அம்மாவையும் ரேஷன் கார்டையும் ஆதாரையும் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வாருங்கள். மனு எழுதித் தருகிறேன். செவ்வாய்க்கிழமை வேண்டாம், அன்றைக்கு சர்வர் எப்போதும் படுத்துக்கொள்ளும்.